ஃபாட்32 டிஸ்கை என்டிஎஃப்எஸ் ஆக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் பின்னேரங்களில் அக்கம்பக்கத்தாரின் கம்பியூட்டர் பார்த்துக் கொடுக்கிறவன் நான். ஏறாவூரில் இருந்தும் களுவாஞ்சிக்குடியில் இருந்தும், சில நேரம் அக்கரைப்பற்றில் இருந்தும் வொய்ஸ் மெசேஜ் வரும். பெரும்பாலும் ஒரே சங்கதிதான்: வீடியோ டிஸ்கில் ஏறுதில்லை, யாரோ பைல் சிஸ்டத்தை மாத்தச் சொன்னார்கள், மாத்தலாமா? கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். கட்டளைகளைப் போனில் சொல்வதுபோல எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்கிறேன். திரையில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

தம்பி, இந்த பைல் சிஸ்டம் எண்டா என்ன? டிஸ்க் எண்டா டிஸ்க்தானே?

வயல் உள்ளவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். டிஸ்க் ஒரு வட்டை, அதாவது பெரிய வயல்வெளி. அது வரவை வரவையாக, வரம்பு கட்டிய சின்னத் துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. எந்த வரவை யாருடையது, எது சும்மா கிடக்கிறது என்று வட்டையை மேற்பார்க்கிற வட்டவிதானையிடம் ஒரு கொப்பி இருக்குமே, அந்தக் கொப்பிதான் பைல் சிஸ்டம். உங்கள் கலியாண வீடியோ வரவைகளில் கிடக்கிறது. எந்தெந்த வரவை என்பது கொப்பியில் கிடக்கிறது. கொப்பி கெட்டுப்போனால் வீடியோ அங்கேயேதான் இருக்கும், ஆனால் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

கொப்பி எழுதும் முறைகள் பல. வீட்டுக் கம்பியூட்டரில் அடிபடுகிற பெயர்கள் மூன்று: ஃபாட்32, என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபாட். என்டிஎஃப்எஸ் புதுசு, ஃபாட்32 பழசு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் என்டிஎஃப்எஸ் 1993இலேயே வின்டோஸ் என்டி 3.1 உடன் வந்துவிட்டது. ஃபாட்32 வந்தது 1996இல், வின்டோஸ் 95இன் திருத்திய பதிப்போடு. ஃபாட் என்ற குடும்பம் பழசு, அதனால் பிள்ளைக்கும் பழசு என்ற பெயர்.

என்ட டிஸ்க் எதில கிடக்கு எண்டு எப்படிப் பார்க்கிற?

டிஸ்கின் படத்தில் வலது கிளிக், கடைசியில் உள்ள ப்ரொப்பர்ட்டீஸ். வட்டப்படம் ஒன்று வரும், அதற்கு மேலே பைல் சிஸ்டம் என்ற வரியில் எழுதியிருக்கும். எனக்கு மெசேஜ் அனுப்ப முதல் இதைப் பார்த்துவிட்டு அனுப்பினால் இரண்டு பேருக்கும் நேரம் மிச்சம்.

அண்ணன், டிஸ்கில 200 ஜிபி சும்மா கிடக்கு. ஊர்க் கூத்து வீடியோ 6 ஜிபிதான். பெரிசு, ஏறாது எண்டு ஏன் சொல்லுது?

இடப் பிரச்சினை இல்லை, கொப்பியில் கட்டம் சின்னது. ஒரு பைல் எவ்வளவு பெரிசு என்று எழுத ஃபாட்32இல் 32 பிட்டுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 4,294,967,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதற்கு மேற்பட்ட ஒற்றைப் பைலை அந்தக் கொப்பியில் பதியவே முடியாது. வட்டை முழுக்க வெறுமையாகக் கிடந்தாலும் முடியாது. 6 ஜிபி கூத்தை இரண்டு துண்டாக வெட்டினால் அதே டிஸ்கில் ஏறும்.

கெமராக்காரர் தரும் கூத்து துண்டு துண்டாக வருவதும் பல நேரம் இதனால்தான். 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரைக்குமான எஸ்டி கார்ட்டுகள் ஃபாட்32. அதற்கு மேல் எக்ஸ்ஃபாட். சின்னக் கார்ட்டில் வினாடிக்கு 24 மெகாபிட் என்று பதிந்தால் ஏறத்தாழ 24 நிமிடத்துக்கு ஒரு துண்டு. விடிய விடிய எட்டு மணித்தியாலம் ஆடுகிற வடமோடியை அப்படிப் பதிந்தால் இருபது துண்டு வரும். அரசன் கொலுவுக்கு வருகிற இடத்தில் அறுந்தால் கெமராக்காரரைப் பேசாதீர்கள், பாவம்.

போமட் பண்ணாம மாத்தேலுமா? படமெல்லாம் அழிஞ்சிடுமோ எண்டு பயமாக் கிடக்கு.

ஏலும். கன்வேர்ட் என்ற கட்டளை வின்டோஸிலேயே இருக்கிறது, காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். ஃபாட்32இல் கிடக்கிற பைல்களை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, கொப்பியை மட்டும் என்டிஎஃப்எஸ் முறையில் புதிதாக எழுதும். ஒழுங்காக நடந்தால் ஒரு படமும் போகாது.

ஆனால் ஒரு சிக்கல். வேறொரு டிஸ்கில் நகல் வைத்திருக்கிறவருக்கு இந்தக் கட்டளை தேவையே இல்லை. போமட் பண்ணி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து போடலாம், அதுதான் துப்புரவான வழி. நகல் வைக்க வேறு டிஸ்க் இல்லாதவர்தான் கன்வேர்ட்டைத் தேடி வருகிறார். அவர்தான் அதைச் செய்யக் கூடாதவரும். பிழைத்தால் அவருக்குத்தான் ஒன்றுமே மிஞ்சாது. அதனால் நான் கேட்கிற முதல் கேள்வி, "இன்னொரு நகல் எங்க கிடக்கு?" இல்லை என்றால் மருமகனின் லப்டொப்போ பக்கத்து வீட்டு டிஸ்கோ, எங்காவது ஒரு நகல் போட்டுவிட்டு வரச் சொல்வேன். கோபப்பட்டவர்களும் உண்டு.

சரி, நகல் எடுத்தாச்சு. இப்ப என்னத்த அடிக்கிற?

தேடல் பெட்டியில் சி-எம்-டி என்று அடித்தால் கொமாண்ட் ப்ரொம்ப்ட் வரும். அதில் வலது கிளிக் செய்து, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கச் சொல்கிற வரியை அமத்துங்கள். சும்மா திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லும்.

முதலில் கொப்பியில் பிழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிழையான கொப்பியைப் பார்த்துப் புதுக் கொப்பி எழுதினால் பிழையும் சேர்ந்தே வரும். சி-எச்-கே-டி-எஸ்-கே, ஒரு இடைவெளி, டிஸ்கின் எழுத்தும் அதை ஒட்டி முக்காற்புள்ளியும், ஒரு இடைவெளி, சாய்கோடு, எஃப். என்டர். சாய்கோடு என்றால் கேள்விக்குறி கிடக்கிற விசையில் உள்ளது. மற்றப் பக்கம் சாய்கிறதை அடித்துவிட்டு "வேலை செய்யுதில்லை" என்று எடுத்தவர்கள் நிறையப் பேர்.

அது முடிந்த பிறகு: சி-ஓ-என்-வி-இ-ஆர்-டி, ஒரு இடைவெளி, டிஸ்கின் எழுத்தும் முக்காற்புள்ளியும், ஒரு இடைவெளி, சாய்கோடு, எஃப்-எஸ், முக்காற்புள்ளி, என்-டி-எஃப்-எஸ். என்டரை அமத்த முதல் டிஸ்கின் எழுத்தை இன்னொருக்கால் பாருங்கள். ஈ என்று நினைத்து எஃப்-ஐ மாற்றியவர் ஒருவர் உண்டு. அந்தப் பென்டிரைவ் அவருடைய வாகன செட்டில் பிறகு பாடவில்லை.

வொலியூம் லேபிள் கேக்குது. நான் ஒண்டும் வைக்கேல்லையே?

டிஸ்குக்கு இப்போது உள்ள பெயரைக் கேட்கிறது. சரியான டிஸ்கைத்தான் மாற்றுகிறீர்களா என்று உறுதிப்படுத்த ஒரு பூட்டு. "திஸ் பிசி" (பழைய வின்டோஸில் "மை கம்பியூட்டர்") பக்கத்தில் டிஸ்கின் எழுத்துக்கு முன்னால் என்ன பெயர் தெரிகிறதோ அதை அப்படியே அடியுங்கள். ஒருபோதும் பெயர் வைக்காத டிஸ்க் என்றால் சும்மா என்டர். "லோக்கல் டிஸ்க்" என்று தெரிவது பெயர் இல்லை. பெயரில்லாத டிஸ்குக்கு வின்டோஸ் தானாகச் சொல்கிற சொல்.

வேறு யாரோ டிஸ்கைப் பாவிக்கிறார்கள், பிடுங்கவா என்றும் சில நேரம் கேட்கும். திறந்து கிடக்கிற வீடியோ, போல்டர் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஆம் என்பதற்கு வை (Y) என்ற ஆங்கில எழுத்தை அடிக்கலாம்.

எவ்வளவு நேரம் எடுக்கும்? ரெண்டு மணிக்கு ரியூசன் கிடக்கு.

ரியூசனுக்குப் போய்விட்டு வந்து தொடங்குங்கள். டிஸ்கின் பருமனைவிட உள்ளே எத்தனை பைல் கிடக்கிறது என்பதுதான் கணக்கு. நூறு பெரிய வீடியோ கெதியாக முடியும். லட்சம் சின்னப் படம் இழுக்கும். புதுக் கொப்பிக்கு டிஸ்கிலேயே கொஞ்சம் சும்மா இடமும் வேண்டும். முட்ட நிரம்பிய டிஸ்க் என்றால் இடம் போதாது என்று நிறுத்திவிடும். ஐந்தில் ஒரு பங்காவது வெறுமையாக இருந்தால்தான் நான் தொடுவேன். அது என் பழக்கம், சட்டம் அல்ல.

நடுவுல கரண்ட் போனா?

இதற்கு என் சொந்தக் கதைதான் பதில். தொடங்கின புதிதில் நாவலடிப் பக்கத்து மாமி ஒருவரின் வெளி டிஸ்கை மாற்றிக்கொண்டிருந்தேன். சுனாமிக்குப் பிறகு உறவுக்காரர் வீடுகளில் மிஞ்சிக் கிடந்த படங்களைத் தேடித் தேடி ஸ்கேன் பண்ணிச் சேர்த்த டிஸ்க். யூபிஎஸ் இல்லை. நகலும் இல்லை, மாமி "இருக்கும் மனே" என்றா, நான் பார்க்கவில்லை. பகல் கரண்ட் போயிற்று. வந்த பிறகு டிஸ்கைப் போட்டால் போமட் பண்ணவா என்று கேட்கிறது.

ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் படங்கள் வந்தன. அது கொப்பியைப் பார்க்காமல் வரவை வரவையாக நடந்து படம் மாதிரித் தெரிவதை எல்லாம் அள்ளும். அதனால் பெயரும் வராது, போல்டரும் வராது. இலக்கம் போட்ட ஆயிரக்கணக்கான படங்கள். எது யாருடைய வீட்டுப் படம், யார் யார் நிற்கிறார்கள் என்று மாமியும் மகளும் இருந்து பிரிக்க மாதக்கணக்கானது. அதற்குப் பிறகு லப்டொப்பில்தான் செய்கிறேன். பட்டரி முழுக்க ஏறி இருக்க வேண்டும். வெளி மின்சாரம் தேவைப்படுகிற பெரிய டிஸ்க் என்றால் யூபிஎஸ் கட்டாயம், ஏனென்றால் லப்டொப் பட்டரி அந்த டிஸ்கைக் காப்பாற்றாது.

கரண்ட் கட்டுக்கு என்டிஎஃப்எஸ் நல்லம் எண்டு சொல்றாங்களே, உண்மையா?

மாற்றி முடித்த பிறகு, உண்மை. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை வெட்டின காலத்தில் என்னிடம் வந்த பழுதுகளில் ஃபாட்32 டிஸ்குகள்தான் முன்னுக்கு நின்றன. என்டிஎஃப்எஸ் கொப்பியில் எழுத முதல், "இந்த வரவையை இன்னாருக்கு எழுதப் போகிறேன்" என்று பக்கத்தில் ஒரு துண்டில் குறித்துக்கொள்ளும். பாதியில் கரண்ட் போனால், திரும்பி எழும்பும்போது துண்டைப் பார்த்து முடிக்கும், இல்லாவிட்டால் பழையபடி விடும். ஃபாட்32இல் அந்தத் துண்டு இல்லை.

ஆனால் அது காப்பது கொப்பியை. நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த, சேமிக்காத ஒப்படையை அது காக்காது.

எக்ஸ்ஃபாட் எண்டு ஒண்டு கிடக்காம், அதுக்கு மாத்தினா என்ன?

2006இல் வந்தது. 4 ஜிபித் தடை இல்லை, வின்டோஸும் அப்பிளின் மக்கும் இரண்டுமே வாசிக்கும், எழுதும். பல கைக்குப் போகிற டிஸ்குக்கும் பென்டிரைவுக்கும் நான் சொல்வது இதைத்தான். கரண்ட் கட்டுக்கு மேலே சொன்ன குறிப்புத் துண்டு இதிலும் இல்லை. அதனால் வீட்டுக் கம்பியூட்டரில் எப்போதும் கொழுவியே கிடக்கிற டிஸ்குக்கு என்டிஎஃப்எஸ்தான்.

கவனம், கன்வேர்ட் கட்டளை எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றாது, எக்ஸ்ஃபாட்டில் இருந்தும் மாற்றாது. இரண்டுக்கும் போமட் ஒன்றுதான் வழி.

காக்கா, மாத்தினன், வீடியோவும் ஏறிட்டு. ஆனா மறுகா ரிவியில டிஸ்க் தெரியுதில்ல!

காத்தான்குடியில் இருந்து வந்த இந்தக் கேள்விதான் இதையெல்லாம் எழுத வைத்தது. கம்பியூட்டருக்கு ஏற்றது ரிவிக்கு ஏற்காமல் போகலாம். பழைய ரிவிகள், வாகன செட்டுகள், டிவிடி பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபாட்32 கொப்பி மட்டும்தான் வாசிக்கத் தெரியும். புதிய ரிவிகளில் பல என்டிஎஃப்எஸ் வாசிக்கும், எல்லாமும் அல்ல. ரிவியோடு வந்த புத்தகத்தில் யூஎஸ்பி பற்றிய பக்கத்தில் எழுதியிருக்கும். புத்தகம் இல்லையென்றால் சின்னப் பென்டிரைவ் ஒன்றை என்டிஎஃப்எஸ் ஆகப் போமட் பண்ணிச் செருகிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் தெரியும். இதை டிஸ்கை மாற்ற முதல் செய்ய வேண்டும்.

அப்ப பழையபடி ஃபாட்32க்குத் திருப்பேலுமா?

கன்வேர்ட்டுக்குத் திரும்பி வரத் தெரியாது. எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு எடுத்து, போமட் பண்ணித் திரும்பப் போட வேண்டும். அதிலும் ஒரு கட்டை: ஃபாட்32 தானாக 2 டிபி வரை தாங்கும், ஆனால் வின்டோஸின் போமட் பெட்டி நெடுங்காலமாக 32 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்குக்கு அதைக் காட்டியதில்லை. வேறு மென்பொருள் தேடவேண்டி வரலாம். கூத்து வீடியோவையும் திரும்ப வெட்ட வேண்டும். ரிவிக்கென்று ஒரு 32 ஜிபி பென்டிரைவ் வைத்துக்கொள்வது மலிவு.

சி டிரைவையும் மாத்தோணுமா?

வேண்டாம், அது ஏற்கெனவே என்டிஎஃப்எஸ். விஸ்டாவில் இருந்து வின்டோஸ் அதில்தான் ஏறும். எக்ஸ்பி ஓடுகிற பழைய பெட்டி இன்னும் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கேள்வி பொருந்தும். அதில் கன்வேர்ட்டை அடித்தால், அடுத்த முறை எழும்பும்போது மாற்றட்டா என்று கேட்கும்.

டிஸ்க் மனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, "100 எம்பியில் ஃபாட்32 ஒன்று ஒளிஞ்சு கிடக்கு, அதையும் மாத்தட்டா?" என்று கேட்ட சம்மாந்துறைத் தம்பிக்கு: தொடாதே. கம்பியூட்டர் எழும்பும்போது முதலில் வாசிக்கிற பகுதி அது. தாய்ப்பலகைக்கு ஃபாட் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். மாற்றினால் வின்டோஸ் எழும்பாது.

டிஸ்கை ஜிபிடி ஆக்கோணும் எண்டு கடையில சொன்னாங்க. அதுவும் இதுவும் ஒண்டா?

இல்லை. ஒரு கண்டத்தில் (பல வட்டை சேர்ந்த பெரிய பரப்பு) எத்தனை வட்டை, எந்த எல்லையில் தொடங்குகிறது என்பது ஜிபிடி, எம்பிஆர் சங்கதி. ஒரு வட்டைக்குள் வரவை யாருடையது என்பதுதான் நாம் பேசுவது. எம்பிஆர் 2 டிபிக்கு மேல் எட்டாது, அதனால் பெரிய டிஸ்குக்கு ஜிபிடி வேண்டும். வின்டோஸ் இருக்கிற டிஸ்கை அழிக்காமல் எம்பிஆரில் இருந்து ஜிபிடிக்கு மாற்ற 2017இல் இருந்து வின்டோஸ் 10இலேயே ஒரு கருவி உண்டு. அதற்கும் நகல் முதல்.

'ரோ டிரைவுக்கு கன்வேர்ட் கிடையாது' எண்டு வருது.

ரோ என்றால் வின்டோஸுக்குக் கொப்பி வாசிக்கத் தெரியவில்லை. முதலில் வயரையும் யூஎஸ்பி ஓட்டையையும் மாற்றிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதோடு சரி. இல்லையென்றால் போமட் பண்ணவா என்று எத்தனை தரம் கேட்டாலும் இல்லை என்றே சொல்லுங்கள்.

கொப்பியின் முதல் தாளுக்கு டிஸ்கிலேயே ஒரு பிரதி இருக்கும்: ஃபாட்32இல் தொடக்கத்துக்குப் பக்கத்தில், என்டிஎஃப்எஸ்ஸில் கடைசியில். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருள் அதைத் தேடி எடுத்து முன்னால் போடும். பெயரும் போல்டரும் அப்படியே வரும். அது முடியாதபோதுதான் மேலே மாமியின் கதையில் வந்த ஃபோட்டோரெக். மீட்கிற படங்களை அதே டிஸ்கில் சேமிக்காதீர்கள், மிச்சத்துக்கு மேலேயே எழுதிவிடும்.

மகள் வந்தாறுமூலைக் கம்பசில உபுண்டு போட்டிருக்கா. எங்கட டிஸ்க் அவவுக்கு வாசிக்குமா? மக்புக்குக்கு?

உபுண்டு, அதாவது வின்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸ் வகை, என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், எழுதும். ஒரே லப்டொப்பில் வின்டோஸும் உபுண்டுவும் இருந்தால் "வாசிக்க மட்டும்" என்று அடம்பிடிக்கும் நேரம் உண்டு. வின்டோஸ் முழுசாக அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடப்பதுதான் காரணம். ஷிப்ட் விசையை அமத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுத்தால் முழுசாக அணையும். லினக்ஸின் சொந்தக் கொப்பி முறையான ஈஎக்ஸ்டி4க்கு மாற்ற வேண்டுமென்றால் இருந்த இடத்தில் மாற்றக் கட்டளை இல்லை; நகல், போமட்.

மக்புக் என்டிஎஃப்எஸ்ஸை வாசிக்கும், ஆனால் தன்னாலே எழுதாது. ஸ்டூடியோக்காரர் மக்கில் எடிட் பண்ணுகிறவர் என்றால் அவரிடம் கொடுக்கிற டிஸ்க் எக்ஸ்ஃபாட்டாக இருக்கட்டும்.

புதுக் கம்பியூட்டரில கொழுவினா என்ட போல்டரையே திறக்க எனக்கு அனுமதி இல்லையாம்!

என்டிஎஃப்எஸ் கொப்பியில் யார் திறக்கலாம் என்றும் எழுதியிருக்கும். ஃபாட்டில் அந்தக் கட்டமே இல்லை. பழைய கம்பியூட்டரில் இருந்த உங்கள் கணக்கும் புதியதில் உள்ளதும், பெயர் ஒன்றானாலும், வேறு வேறு ஆள். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நின்று, வருகிற பெட்டியில் கன்டினியூ கொடுங்கள். பைல் அதிகம் என்றால் கொஞ்சம் சுற்றும்.

பைலின் படத்தில் சின்னப் பூட்டு ஒன்று தெரிந்தால் அது வேறு கதை. அது குறியாக்கம் செய்த பைல்; பழைய கம்பியூட்டரில் உள்ள சாவி இல்லாமல் திறக்காது. பழையதைப் போமட் பண்ணாமல் முதலில் என்னிடம் சொல்லுங்கள்.

கடை கெமராப் பெட்டியில இருந்து டிஸ்கைக் கழட்டிக் கம்பியூட்டரில போட்டா போமட் பண்ணச் சொல்லுது.

டிஸ்க் பழுதில்லை. கெமராப் பெட்டிகள் பல, வின்டோஸுக்குத் தெரியாத தங்கள் சொந்த முறையில் எழுதும். திரும்ப அதே பெட்டியில் பூட்டி, அங்கிருந்தே பென்டிரைவுக்கு எடுங்கள்.

பழைய டிஸ்க், டிக் டிக் எண்டு சத்தம் போடுது. மாத்தினாச் சரிவருமா?

கழட்டுங்கள். மாற்றவும் வேண்டாம், போமட்டும் வேண்டாம், சி-எச்-கே-டி-எஸ்-கேயும் வேண்டாம். ஆக முக்கியமான போல்டர் எது என்று முதலில் யோசித்துவிட்டு, ஒரே ஒரு தரம் கொழுவி அதை மட்டும் எடுங்கள்.